27 வயதுக் கப்பலில் அப்பா அம்மாவை அனுப்பலாமா? பழைய கப்பலின் நிலையை எப்படிக் கணிப்பது?

அலைமகள் கேட்டது:

வணக்கம். அப்பாவையும் அம்மாவையும் ஒரு வாரம் கடல் பயணம் அனுப்ப நானும் தம்பியும் பணம் சேர்த்து வைத்திருக்கிறோம். அப்பாவுக்கு வயது 71. முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு கைத்தடியோடுதான் நடக்கிறார். இரண்டு கப்பல்களில் ஒன்றை முடிவு செய்ய வேண்டும். ஒன்று புதிது, போன வருடம் ஓட ஆரம்பித்தது. இன்னொன்றுக்கு 27 வயது. பழையதில் போனால், புதுக் கப்பலில் ஜன்னலே இல்லாத அறைக்குக் கொடுக்கிற காசுக்குப் பால்கனி அறையே கிடைக்கிறது. அம்மா கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார ஆசைப்படுகிறார்.

ஆனால் பழைய கப்பலைப் பற்றிப் போய் வந்தவர்கள் எழுதியிருப்பதைப் படித்தால் குழப்பம்தான் மிஞ்சுகிறது. ஒருவர் நங்கூரத்துக்குக் கீழே துரு வழிந்திருக்கும் படத்தைப் போட்டு "மிதக்கும் இரும்புக் குப்பை" என்கிறார். இன்னொருவர் தாழ்வாரத்தில் வாளி வைத்திருக்கும் படம் போட்டிருக்கிறார். அதே மாதம் போன மூன்றாமவர், "பளபளவென்று இருந்தது, ஒரு குறையும் இல்லை" என்கிறார். யாரை நம்புவது? கரையில் இருந்துகொண்டே ஒரு கப்பலை ஒழுங்காகப் பராமரிக்கிறார்களா என்று தெரிந்துகொள்ள வழி இருக்கிறதா?

திசைமானி:

சகோதரி, முதலில் கப்பலின் ஐஎம்ஓ (சர்வதேசக் கடல்சார் அமைப்பு) எண்ணைத் தேடி எடுங்கள். ஏழு இலக்கம். கப்பலின் பெயர் மாறும், கொடி மாறும், முதலாளியும் மாறுவார். உடைக்கிற நாள் வரைக்கும் அந்த எண் மட்டும் மாறாது. கப்பல்களின் பாதுகாப்பு விவரங்களைத் தரும் ஈக்வாசிஸ் (Equasis) இணையதளத்தில் இலவசமாகப் பதிந்துகொண்டு அந்த எண்ணைப் போட்டால் பழைய பெயர்கள், துறைமுக அதிகாரிகள் எப்போது ஏறிச் சோதித்தார்கள், எத்தனை குறை கண்டார்கள், கப்பலைப் புறப்பட விடாமல் நிறுத்தி வைத்தார்களா என்பதெல்லாம் வரும். ஒன்றிரண்டு குறை எந்தக் கப்பலிலும் இருக்கும். ஒரே வகைக் குறை அடுத்தடுத்த சோதனைகளிலும் திரும்பத் திரும்ப வந்தால் மட்டும் யோசியுங்கள்.

அமெரிக்கத் துறைமுகங்களுக்குப் போய்வரும் கப்பல் என்றால் அந்த நாட்டின் நோய்த் தடுப்பு மையமான சிடிசியின் கப்பல் சுகாதார அறிக்கையும் பொதுவில் கிடைக்கும். முன்னறிவிப்பு இல்லாமல் ஏறிச் சோதிப்பார்கள். 100க்கு 86 எடுத்தால் தேர்ச்சி, 85 என்றால் தோல்வி. மதிப்பெண்ணோடு நிறுத்தாமல் கீழே எழுதியிருக்கும் விவரத்தையும் படியுங்கள். சமையலறை, குடிநீர், நீச்சல்குளம் பற்றி நிறையத் தெரியும். கப்பலின் இரும்பு, இன்ஜின் பற்றி அதில் எதுவும் இருக்காது.

குழாய்க்காரன்:

திசைமானி சொன்னதை முதலில் செய்யுங்கள். நான் 11 வருடம் பயணிகள் கப்பல்களில் பிளம்பராக இருந்தவன். தாழ்வாரத்தின் கூரைப் பலகையைக் கழற்றி உள்ளே தலையை விட்டுப் பார்த்ததில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஒரு கப்பல். கட்டி 13 வருடம்தான் ஆகியிருந்தது. ஒருநாள் இரவு இரண்டு மணிக்கு ஐந்தாம் தளத்தில் கம்பளம் ஈரமாக இருக்கிறது என்று கூப்பிட்டார்கள். பலகையை இறக்கினால், ஆள் உயரத் துண்டு வெந்நீர்க் குழாய் ஒன்றிலேயே நாலு கிளாம்ப். ஒவ்வொன்றுக்கும் அடியில் ரப்பர் பட்டை. ஊசித் துளை விழுந்த இடத்தில் ரப்பரை வைத்து இறுக்குவது அவசரத்துக்கு எல்லாரும் செய்வதுதான், தப்பே இல்லை. ஆனால் எனக்கு முன்னால் இருந்தவர் ஒழுங்கான ஆள், ஒவ்வொரு கிளாம்ப் மேலும் மார்க்கர் பேனாவால் தேதி எழுதி வைத்திருந்தார். முதல் கிளாம்ப் 14 மாதம் பழையது. அந்த 14 மாதத்தில் அந்தத் துண்டை வெட்டி எடுத்துப் புதுக் குழாய் போட ஒருவரும் நேரம் கொடுக்கவில்லை, பொருளும் வாங்கித் தரவில்லை. நான் ஐந்தாவது கிளாம்ப்பைப் போட்டு, தேதி எழுதிவிட்டு, பலகையை மூடினேன். கீழே கம்பளத்தை உலர்த்தினார்கள். காலையில் அந்த வழியாகப் போன பயணிக்கு எதுவும் தெரிந்திருக்காது.

அடுத்து நான் சேர்ந்த கப்பல் அதைவிட 11 வருடம் பழையது. அங்கே எங்கள் ஃபோர்மேன் ஒரு நோட்டு வைத்திருந்தார். எந்தத் தாழ்வாரத்தில் எத்தனை ஒழுகல் என்று எழுதுவார். ஒரே வரிசையில் மூன்று ஒழுகல் வந்தால் அந்த வரிசையை அடுத்த துறைமுகத்தில் அடைத்து, குழாயையே மாற்றுவோம். எட்டு அறைகளை ஒரு வாரம் விற்காமல் வைத்திருக்கக் கேட்டால் கப்பலில் அறைகளைக் கவனிக்கும் ஹோட்டல் மேனேஜர் முகம் சுளிப்பார், ஆனால் கொடுப்பார். சீஃப் இன்ஜினியர் எங்களுக்குப் பக்கபலமாக நின்றார். அந்தக் கப்பலில் என் அம்மாவைக் கண்ணை மூடிக்கொண்டு அனுப்புவேன்.

அதனால் 27 என்ற எண்ணைப் பார்த்துப் பயப்படாதீர்கள். க்யூஇ2 (குயீன் எலிசபெத் 2) என்ற பயணிகள் கப்பல் 1969இல் ஓட ஆரம்பித்தது. 1986-87இல் நீராவி இன்ஜினைக் கழற்றிவிட்டு டீசல் மின்சார இன்ஜின் பொருத்தினார்கள். அதற்குப் பிறகும் 2008 வரை ஓடியது. மறுபக்கம் பாருங்கள். 2010இல் கார்னிவல் ஸ்ப்ளெண்டர் இன்ஜின் அறையில் தீப்பிடித்து நடுக்கடலில் மின்சாரம் இல்லாமல் நின்றபோது அதற்கு இரண்டே வயது. 2019இல் நார்வே கடற்கரைக்குப் பக்கத்தில் புயலில் இன்ஜின்கள் நின்றுபோன வைக்கிங் ஸ்கை 2017இல் வந்தது. மசகெண்ணெய் மட்டம் குறைவாக இருந்ததுதான் காரணம்.

என் தொழிலில் எனக்குத் தூக்கம் கெடுத்த கதை ஓஷியானோஸ். 1952இல் கட்டிய கப்பல், 1991 ஆகஸ்டில் தென்னாப்பிரிக்கக் கடலில் மூழ்கியது. 571 பேரும் தப்பியது பெரிய விஷயம். கழிவுநீர் அமைப்பில் வேலை நடந்துகொண்டிருந்தது. தண்ணீர் புகாமல் இருக்க வேண்டிய தடுப்புச் சுவரில் ஒரு துளையை மூடாமல் விட்டிருந்தார்கள். தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் வால்வுகளும் இல்லை. கடல் நீர் கழிப்பறைக் குழாய்கள் வழியாகவே மேலே ஏறியது. கப்பல் பழசுதான். ஆனால் வேலையைப் பாதியில் விட்டுவிட்டுக் கடலுக்குப் போனதுதான் அதை முழுக வைத்தது.

சரி, பயணியாக நீங்கள் எதைப் பார்ப்பது? துரு வழிந்த படத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வெள்ளைப் பெயிண்டில் ஒரு சின்ன கொக்கியின் துருகூட ஆள் உயரத்துக்குக் கோடு போடும். பல துறைமுகங்களில் கப்பலின் வெளிப்பக்கத்தில் பெயிண்ட் அடிக்க அனுமதியும் தரமாட்டார்கள். கப்பல் ஆட்கள் பயப்படுவது கொப்புளத்துக்கு. பெயிண்ட் உப்பியிருந்து, அதன் மேலேயே இன்னொரு பூச்சு அடித்திருந்தால், அடியில் துருவைச் சுரண்டவே இல்லை என்று அர்த்தம். கைப்பிடிக் கம்பி தளத்தில் இறங்கும் அடிப்பகுதி, மழைநீர் வடியும் துளைகளின் ஓரம், இந்த இரண்டையும் படங்களில் தேடுங்கள். கொப்புளமும் மேல்பூச்சும் அங்கேதான் தெரியும்.

வாளியும் அப்படித்தான். ஒருநாள் வாளி எந்தக் கப்பலிலும் இருக்கும். அந்தப் படம் போட்டவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: மூன்றாம் நாளும் வாளி அங்கேயே இருந்ததா? பலகையைக் கழற்றி ஆட்கள் ஏணியில் நின்றுகொண்டிருந்தார்கள் என்று பதில் வந்தால் எனக்குச் சந்தோஷம். வாளி மட்டும் இருந்தது, ஆளே இல்லை என்றால் யோசிப்பேன்.

கழிப்பறையைப் பற்றி எல்லாரும் திட்டி எழுதுவார்கள். கப்பலில் தண்ணீர் தள்ளிக்கொண்டு போவதில்லை, வெற்றிடம் உறிஞ்சுகிறது. ஒருவர் ஈரத்துணியைப் போட்டால் அந்த வரிசையே நின்றுபோகும், அது கப்பலின் குற்றமில்லை. ஆனால் வருடக்கணக்கில் உள்ளே சுண்ணாம்பு மாதிரி படிவு கட்டும். இரண்டு விரல் நுழைய வேண்டிய குழாயில் சுண்டுவிரல்கூட நுழையாத துண்டுகளை வெட்டி எடுத்திருக்கிறேன். அமிலம் விட்டுக் காலாகாலத்தில் கழுவினால் இந்த நிலை வராது. ஒரே தாழ்வாரத்தில், வேறு வேறு வாரங்களில் போனவர்கள் ஒரே புகாரை எழுதியிருந்தால் அங்கே யாரும் கழுவவில்லை. அறை எண்களைக் குறித்துக்கொண்டு ஒப்பிட்டுப் பாருங்கள், பத்து நிமிட வேலை.

கடைசியாக ஒன்று, முக்கியமானது. அந்தக் கப்பலை விற்கப்போகிறோம் என்று நிறுவனம் அறிவித்துவிட்டதா என்று பாருங்கள். போகப்போகிற கப்பலுக்குச் செலவு செய்ய யாருக்கும் மனசு வராது. அப்படி ஒரு கப்பலில் கடைசி ஆறு மாதம் வேலை பார்த்தேன். வெந்நீரையும் தண்ணீரையும் கலந்து தரும் கலவை வால்வு கேட்டு அனுப்பிய சீட்டு மூன்று முறை "தேவையில்லை" என்று திரும்பி வந்தது. காலியாக இருந்த அறைகளிலிருந்து கழற்றித்தான் ஆள் இருக்கும் அறைகளுக்குப் போட்டோம்.

மேல்தளம்:

குழாய்க்காரன் அண்ணா சொன்னதற்கு ஒரு பயணியின் கோணம். நானும் கணவரும் பழைய கப்பல்களில்தான் ஏழு முறை போயிருக்கிறோம். கூட்டம் குறைவு, கப்பலைச் சுற்றி நடக்க அகலமான மரத்தளம் இருக்கும், கடல் பக்கத்திலேயே தெரியும். எனக்கு அதுதான் பிடிக்கும்.

டிரை டாக், அதாவது கப்பலைத் தண்ணீரில்லாத தளத்தில் நிறுத்திப் பழுதுபார்க்கும் இடம், போய்வந்த உடனே கிளம்பும் முதல் பயணத்தைத் தவிர்த்துவிடுங்கள். எல்லாம் புதுசாக இருக்கும் என்று ஆசைப்பட்டு ஒரு முறை போனோம். தாழ்வாரமெல்லாம் பெயிண்ட் வாடை, ஒரு மாடிப்படி மூடியே இருந்தது, ஒப்பந்த ஆட்கள் இரவெல்லாம் துளை போட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டு மாதம் கழித்துப் போனால் அதே கப்பல் சுகமாக இருக்கும்.

இன்னொன்று, "கோடிக்கணக்கில் புதுப்பித்தோம்" என்ற அறிவிப்பில் என்ன புதுப்பித்தார்கள் என்று படியுங்கள். நாங்கள் போன அந்தப் பயணத்தில் உணவகத்துக்கும் பாருக்கும் புது நாற்காலி வந்திருந்தது. எங்கள் அறையில் ஏசி வேலை செய்யவில்லை.

அலைமகள்:

எல்லாருக்கும் நன்றி. வாளிப் படம் போட்டவருக்கு எழுதிக் கேட்டேன். மறுநாள் மதியம் கூரையைப் பிரித்து வேலை செய்தார்கள், அப்புறம் வாளியே இல்லை என்று பதில் வந்திருக்கிறது! கப்பல் டிரை டாக் போய் ஏழு மாதம் ஆகிறது. விற்கும் பேச்சு எதுவும் கண்ணில் படவில்லை. குழாய்க்காரன் அண்ணா, அப்பாவின் கால் விஷயத்தில் பழைய கப்பலில் கவனிக்க வேண்டியது ஏதாவது உண்டா? அறை எங்கே எடுப்பது?

குழாய்க்காரன்:

மறுநாளே கூரையைப் பிரித்தார்கள் என்றால் நல்ல சகுனம் தங்கச்சி. அங்கே யாரோ நோட்டு வைத்திருக்கிறார்கள்.

அப்பாவுக்குக் குளியலறை வாசல்படியைத்தான் முதலில் கேட்க வேண்டும். பழைய கப்பல்களில் தண்ணீர் வெளியே வராமல் இருக்க அந்தப் படியை உயர்த்திக் கட்டியிருப்பார்கள். சிலவற்றில் கணுக்காலுக்கு மேலேயே வரும். ராத்திரி தூக்கக் கலக்கத்தில், கப்பலும் ஆடும்போது, கைத்தடியோடு அதைத் தாண்டுவது ஆபத்து. படியே இல்லாத, கைப்பிடிகள் பொருத்திய அறைகள் உண்டு. பழைய கப்பலில் அவை கொஞ்சம்தான், சீக்கிரம் போய்விடும். அப்பாவின் நிலையைச் சொல்லி, படியின் உயரம் என்ன என்று எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். பால்கனிக் கதவின் அடியிலும் அதே மாதிரி ஒரு படி இருக்கும், அதையும் கேளுங்கள்.

அறையைக் கப்பலின் நடுப்பகுதியில், லிஃப்டுக்குக் கிட்டே எடுங்கள். ஆட்டம் குறைவாகத் தெரியும், நடையும் மிச்சம். மேலேயும் கீழேயும் அறைகளே இருக்கும் தளமாகப் பாருங்கள். சமையலறைக்கோ நீச்சல்குளத்துக்கோ நேர் கீழே வேண்டாம். நாங்கள் அதிகம் ஏணி தூக்கிக்கொண்டு ஓடிய இடங்கள் அவைதான். லிஃப்டுகள் எல்லாம் ஓடினவா என்று சமீபத்தில் போனவர்களிடம் கேளுங்கள். பழைய லிஃப்டுக்கு உதிரி பாகம் வர வாரக்கணக்கில் ஆகும்.

ஏறியதும் குளியலறையில் வெந்நீரையும் தண்ணீரையும் இரண்டு நிமிடம் திறந்துவிடச் சொல்லுங்கள். முதலில் கொஞ்சம் பழுப்பாக வந்து தெளிந்தால் கவலை வேண்டாம், பக்கத்தில் எங்கோ வேலை நடந்திருக்கும். தெளியவே இல்லை, அல்லது அறையில் சாக்கடை வாடை நிற்கிறது என்றால் பொறுத்துக்கொள்ளாமல் அன்றைக்கே சொல்ல வேண்டும். கேபின் ஸ்டூவர்டிடம் வாயால் சொன்னால் மட்டும் போதாது. வரவேற்பு மேசைக்குப் போன் செய்து, புகாரைப் பதிந்துகொண்டார்களா என்று கேட்கச் சொல்லுங்கள். அங்கே பதிந்தால்தான் எங்கள் கைக்குச் சீட்டு வரும்.