சீஸ் பேப்பர்: ‘மூச்சுத்தாள்’ பொருந்துமா?

அனைவருக்கும் வணக்கம்.

வீட்டில் பாலாடைக்கட்டியைப் பாதுகாப்பது பற்றிய கையேட்டுக்கு ‘சீஸ் பேப்பர்’ என்பதற்கு ஒரு சொல் வேண்டும். வெளிப்புறம் காகிதம், உட்புறம் மெல்லிய பாலித்தீன் படலம், இரண்டும் சேர்ந்த தாள் அது. கட்டி மூச்சுவிட வேண்டும் என்று பொதுவாகச் சொல்வதை ஒட்டி ‘மூச்சுத்தாள்’ என்று எழுதியிருக்கிறேன். கருத்துச் சொல்லுங்கள்.

* * *

> ‘மூச்சுத்தாள்’ என்று எழுதியிருக்கிறேன்

ஐயா, சொல் எளிதாக இருக்கிறது. ஆனால் படிப்பவர் காற்றோட்டம்தான் தேவை என்று எண்ணி, கட்டியைத் திறந்தபடி வைத்துவிடுவார். குளிர்பதனப் பெட்டிக்குள் காற்று வறண்டது. அதில் செடார் துண்டு திறந்து கிடந்தால் விளிம்பு காய்ந்து வெடித்துவிடும். மறுபக்கம், பிளாஸ்டிக் படலத்தில் இறுக்கிச் சுற்றினால் கட்டி விடும் ஈரம் அதன் மேலேயே நின்று பூஞ்சைக்கு இடம் கொடுக்கும். பிரீ, கமம்பேர் போன்ற மென்கட்டி வகைகளில் அம்மோனியா வாடையும் தேங்கும். ஈரத்தை மெல்ல வெளியே விடுவதுதான் தாளின் வேலை. ‘ஆவிவிடுதாள்’ என்றால் என்ன?

* * *

> ‘ஆவிவிடுதாள்’ என்றால் என்ன?

அம்மா, ‘ஆவி விடுதல்’ தமிழில் உயிர் போவதைக் குறிக்கும். உணவின் பக்கத்தில் வேண்டாமே. பொருளிலும் பாதிதான் வருகிறது. ஈரம் முழுவதும் போய்விடாமல் தடுப்பதும் இதே தாள்தானே?

சிங்கப்பூரில் இன்னொரு சிக்கல் உண்டு. 4 பாகையில் இருந்த கட்டியை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுச் சமையலறையில் எடுத்து வைத்தால், இங்குள்ள ஈரக்காற்று பட்டதும் மேலெல்லாம் நீர் முத்துமுத்தாகப் படிகிறது. அதை அப்படியே பழைய தாளில் சுற்றி உள்ளே வைப்பதால்தான் பல வீடுகளில் சீக்கிரம் பூஞ்சை பிடிக்கிறது. தேவையான அளவை மட்டும் வெட்டிக்கொண்டு மீதியை உடனே உள்ளே வைக்க வேண்டும். வெளியே எடுத்த துண்டு, குளிர் தணியும் வரை தாளுக்குள்ளேயே இருக்கட்டும். நம் வெப்பத்துக்கு அரை மணி நேரம் போதும். மிஞ்சினால் ஈரத்தை ஒற்றி எடுத்துப் புதுத் தாளில் சுற்றுங்கள். 32 பாகைக்கு மேலான சூட்டில் மென்கட்டியை ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியில் விடக்கூடாது.

ஆக, இந்தத் தாள் ஈரத்தைக் கூடவும் விடாமல் குறையவும் விடாமல் வைக்கிறது. அதற்குத் தமிழில் ‘பதம்’ என்ற சொல் தயாராக இருக்கிறது: பாகுப் பதம், ஈரப்பதம், குளிர்பதனம். ‘பதங்காப்புத்தாள்’ என்று முன்மொழிகிறேன்.

* * *

> ‘பதங்காப்புத்தாள்’ என்று முன்மொழிகிறேன்

மனமார ஏற்கிறேன். ஒரு வேண்டுகோள்: எல்லா வகைக்கும் இந்தத் தாள்தான் என்று கையேடு சொல்லிவிடக்கூடாது.

செடார், கூடா, பார்மசான் போன்ற கடினக் கட்டிகளுக்கும் பிரீ வகைக்கும் இது பொருந்தும். தாள் கிடைக்காவிட்டால் பேக்கிங் தாளில் ஒரு சுற்று சுற்றி, லேசாக மூடிய டப்பாவில் போட்டுக் குளிர்பதனப் பெட்டியின் காய்கறித் தட்டில் வைக்கலாம். நீலப்பூஞ்சைக் கட்டிக்கு அலுமினியத் தாளும் தனி டப்பாவும் வேண்டும். இல்லையென்றால் அதன் பூஞ்சை பக்கத்துக் கட்டிக்குத் தாவும். ஃபெட்டாவை உப்புநீரில்தான் வைக்க வேண்டும். கடையில் வந்த நீர் கொட்டிப்போனால் 250 மி.லி. கொதித்து ஆறிய நீரில் ஒரு மேசைக்கரண்டி உப்பு கலந்து கட்டி மூழ்கும்படி ஊற்றலாம். வெறும் நீர் என்றால் உப்பு வெளியேறிக் கட்டி கொழகொழத்துவிடும். புது மொட்சரெல்லாவை அதன் நீரிலேயே வைத்து, திறந்த இரண்டு மூன்று நாளில் முடித்துவிட வேண்டும்.

கையேட்டின் ‘பூஞ்சை’ பதிவிலும் ஒரு திருத்தம் தேவை. கடினக் கட்டியில் படிந்தால் அதைச் சுற்றியும் அடியிலும் 2.5 செ.மீ. ஆழம் வெட்டி எறிந்துவிட்டு மீதியை உண்ணலாம், கத்தி பூஞ்சையில் படாதவரை. மென்கட்டி, துருவியது, சீவியது என்றால் முழுவதையும் எறிய வேண்டும். முதிர்ந்த பார்மசானுக்குள் பல்லில் நறநறக்கும் வெள்ளைப் புள்ளிகள் டைரோசின் என்னும் அமினோ அமிலத்தின் படிகங்கள். அவற்றைப் பூஞ்சை என்று நினைத்து நல்ல கட்டியை வீசுகிறார்கள். அவற்றுக்கு ‘முதிர்படிகம்’ என்று தனிப்பதிவு போடலாமா?