பைனாகுலரில் ஒரு வாத்து இரண்டாகத் தெரிகிறது

கன்னியாகுமரி மாவட்டத் தேரூர் குளத்தில் பறவைக் கணக்கெடுப்புக்கு உதவும் தன்னார்வலர் நான். என் பைனாகுலர் (8 மடங்கு பெரிதாக்கும், முன் லென்ஸ் 42 மி.மீ., குழல்கள் நேராக இருக்கும் ‘ரூஃப் பிரிசம்’ வகை, வாங்கி ஆறு வருடம், உத்தரவாதம் முடிந்துவிட்டது) பத்து நாளுக்கு முன் புத்தளம் உப்பளத்தருகே பைக்கிலிருந்து விழுந்தது. லென்ஸில் கீறல்கூட இல்லை. ஆனால் ஒற்றை நீலச்சிறகி வாத்து மேலும் கீழுமாக இரண்டாகத் தெரிகிறது. ஒரு கண்ணை மூடினால் படம் தெளிவு. இரண்டையும் திறந்தால் ஐந்து நிமிடத்தில் தலைவலி. இதை வைத்து எண்ணினால் குளத்தில் வாத்துகள் இரட்டிப்பாகிவிடும்!

டயாப்டரை (ஒரு கண்ணுக்கு மட்டும் ஃபோகஸைச் சரிசெய்யும் வளையம்) திருகினேன், கண் இடைவெளியை மாற்றினேன். பயனில்லை. மூக்குக்கண்ணாடிக் கடையிலும் கேமரா பழுதுபார்ப்பவரிடமும் காட்டினேன். இருவரும் திறக்க மறுத்துவிட்டார்கள். உள்ளே பிரிசம் (ஒளியைத் திருப்பும் கண்ணாடிக் கட்டி) நகர்ந்திருக்கும் என்பது என் ஊகம். ஜனவரி கணக்கெடுப்புக்கு மூன்று வாரமே இருக்கிறது.

நாகர்கோவிலிலோ திருவனந்தபுரத்திலோ இரு குழல்களையும் மீண்டும் ஒரே நேருக்குக் கொண்டுவரத் தெரிந்தவர் யார்?