ஆரக்கிள் டிபிஏ அடுத்து எதைப் படிக்கலாம்? பட்டவர்கள் எழுதுங்கள்

கேள்வி, தஞ்சாவூர்
ஆரக்கிள் 19சி பார்க்கும் டிபிஏ (டேட்டாபேஸ் நிர்வாகி) நான். ஊரை விட்டுக் கிளம்பாமல் வேலை ஓட வேண்டும். கிளவுட், பைதான், டேட்டா இன்ஜினியரிங், ஏஐ என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எதை முதலில் எடுப்பது? கோர்ஸ் பெயர் வேண்டாம். எது எங்கே கடிக்கும் என்று சொன்னால் போதும்.

கும்பகோணம்
போஸ்ட்கிரெஸ் என்ற இலவச டேட்டாபேஸ், வேறு யோசனையே வேண்டாம். லைசென்ஸ் செலவுக்குப் பயந்து ஆரக்கிளை விடுகிறவர்களுக்கு இரண்டும் தெரிந்த ஆள் வேண்டும். ஆரா2பிஜி என்ற இலவசக் கருவியில் முதலில் ரிப்போர்ட் மட்டும் எடுங்கள். எத்தனை டேபிள், எத்தனை டிரிகர், எத்தனை ஆள்-நாள் என்று ஒரு மதிப்பீடு கிடைக்கும். டேபிள்கள் சுலபமாக வந்துவிடும். நேரத்தைத் தின்பது, பல ஃபங்ஷன்களை ஒன்றாகக் கட்டி வைக்கும் பேக்கேஜ்தான். போஸ்ட்கிரெஸில் அப்படி ஒன்று கிடையாது என்பதால் ஸ்கீமாவும் ஃபங்ஷனுமாகப் பிரித்து எழுத வேண்டும்.

எரர் காட்டி நிற்பதைப் பிடித்துவிடலாம். சத்தமில்லாமல் தப்பாகப் போவதுதான் ஆபத்து. ஆரக்கிளுக்கு வெற்றுச் சரமும் ‘நல்’லும் (மதிப்பே இல்லாதது) ஒன்றே, போஸ்ட்கிரெஸுக்கு வேறு வேறு. ‘இஸ் நல்’ போட்டுத் தேடும் பழைய குவெரி, சில வரிசைகளை விட்டுவிட்டு ஒன்றும் தெரியாததுபோல் முடிந்துவிடும். ஆரக்கிள் ‘டேட்’டில் மணி, நிமிடம், நொடியும் இருக்கும். அதை போஸ்ட்கிரெஸ் ‘டேட்’ ஆக்கினால் நேரம் உதிர்ந்துவிடும், ‘டைம்ஸ்டாம்ப்’ ஆக்குங்கள்.

மன்னார்குடி
அதோடு செத்த வரிசைகளைத் துடைக்கும் வேக்யூமைச் சேர்த்துப் படிக்கணும் சார். ஒரு வரிசையை மாற்றினால், ஆரக்கிளில் பழைய வரிசை அண்டூ என்ற தனி இடத்துக்குப் போகும், போஸ்ட்கிரெஸில் அதே டேபிளிலேயே கிடக்கும். தானாக ஓடும் ஆட்டோவேக்யூமின் டிஃபால்ட் விகிதம் 0.2. அதாவது 5 கோடி வரிசை உள்ள டேபிளில் 1 கோடி செத்த வரிசை சேர்ந்த பிறகுதான் அது எழுந்து வரும். பெரிய டேபிளுக்கு மட்டும் தனியாக 0.01 வையுங்கள்.

குவெரிக்கு வழி தேர்ந்தெடுக்கும் ப்ளானர் நம்பியிருக்கும் புள்ளிவிவரத்துக்கும் இதே கதை. அதைத் திரட்டுவது அனலைஸ், அங்கே டிஃபால்ட் 0.1. நம்ம பக்கத்து உதாரணமே போதும். நெல் கொள்முதல் கணக்கு டேபிளில் பழைய வரிசை 2 கோடி. சம்பா அறுவடையில் தை, மாசியில் 15 லட்சம் புதிதாக விழுகிறது. 20 லட்சத்தைத் தொடாததால் ஆட்டோ அனலைஸ் ஓடாது. இன்றைய தேதியே ப்ளானருக்குத் தெரியாது. நாலைந்து வரிசைதான் இருக்கும் என்று நினைத்து, ஒவ்வொரு வரிசைக்கும் மறுபடி தேடும் நெஸ்டட் லூப் போடும், நேற்று வரை 2 நொடியில் வந்த ரிப்போர்ட் தொங்கிவிடும். இண்டெக்ஸ் சேர்க்க ஓடாதீர்கள். கையால் ஒரு அனலைஸ், பிறகு அந்த டேபிளுக்கு 0.01. சீசன் முடியும்வரை இரவில் கிரானில் (நேரம் குறித்து ஓட்டும் கருவி) ஓட விடுங்கள்.

திருவாரூர்
எந்தச் சாஃப்ட்வேராக இருந்தாலும் ரெஸ்டோர் கையில் வராமல் அடுத்த படிப்புக்குப் போகக் கூடாது. பேக்கப் எடுக்க எல்லோருக்கும் தெரியும். ஜெனரேட் சீரீஸில் 50 லட்சம் வரிசை உண்டாக்குங்கள். வால் ஃபைல்களை (மாற்றங்களைக் குறித்து வைக்கும் லாக்) வேறிடத்தில் சேமிக்கும் ஆர்க்கைவ் கமாண்டைப் போட்டு, பிஜி பேஸ்பேக்கப்பில் முழு நகல் எடுத்து, மணியைக் குறித்துக்கொண்டு டேபிளை டிராப் செய்யுங்கள். அந்த மணிக்கு முந்தைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும்.

சறுக்கும் இடம் இரண்டு. ஒன்று, நேர மண்டலம். சர்வர் யூடிசியில் (உலகப் பொது நேரம்) இருக்க, நீங்கள் நம்ம மணியை எழுதினால் ஐந்தரை மணி நேரம் தள்ளிப்போகும். ரெக்கவரி டார்கெட் டைமில் +05:30 சேர்த்தே எழுதுங்கள். இரண்டாவது, குறித்த இடம் வந்ததும் சர்வர் ‘பாஸ்’ ஆகி நிற்கும், படிக்க மட்டுமே விடும். அது டிஃபால்ட். கெட்டுப்போய்விட்டதென்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பவர்கள் உண்டு. டேட்டாவைச் சரிபார்த்துவிட்டு ‘பிஜி வால் ரீப்ளே ரெஸ்யூம்’ கொடுத்தால் திறந்துவிடும்.

நகல் சர்வர் எதுவரை வாங்கியது என்று குறித்து வைக்கும் ரெப்ளிகேஷன் ஸ்லாட் இன்னொரு குழி. 2018 கஜா மாதிரி ஒரு புயலில் கிளை சர்வர் நாள்கணக்கில் படுத்தால், அதற்காக மெயின் சர்வர் வால் ஃபைல்களைச் சேர்த்துக்கொண்டே போய், டிஸ்க் நிரம்பித் தானும் விழும். மேக்ஸ் ஸ்லாட் வால் கீப் சைஸ் டிஃபால்ட் -1, அதாவது வரம்பே இல்லை. 13ஆம் பதிப்பிலிருந்து இதற்கு வரம்பு வைக்கலாம்.

மயிலாடுதுறை
கிளவுட் மூன்றாவதாக வரட்டும். அமேசானின் கிளவுட் டேட்டாபேஸ் சேவையான ஆர்டிஎஸ்ஸில் சூப்பர்யூசரும் ஓஎஸ் பக்கமும் கிடையாது, ஆட்டோ பேக்கப் அதிகபட்சம் 35 நாள். பழகும்போது ஒன்றைக் கவனியுங்கள்: நிறுத்தி வைத்த சர்வர் 7 நாளில் தானாக எழுந்துவிடும், பில்லும் கூடவே எழும். பழகி முடித்தால் ஸ்னாப்ஷாட் எடுத்துவிட்டு அழித்துவிடுங்கள். கிளவுட் அமைப்பைக் கோடாக எழுதும் டெர்ராஃபார்மைப் பயன்படுத்தினால் ஸ்டேட் ஃபைலில் பாஸ்வேர்டு அப்படியே தெரியும், அதைக் கிட்டில் ஏற்றாதீர்கள்.

ஏஐக்கு மாடல் கட்டத் தேவையில்லை, அர்த்தத்தை எண் வரிசையாக (வெக்டர்) வைத்துத் தேட உதவும் போஸ்ட்கிரெஸ் நீட்சியான பிஜிவெக்டர் போதும். ஆனால் கணக்கு போடுங்கள். ஒரு வெக்டரில் 1536 எண்கள் என்றால், எண்ணுக்கு 4 பைட், வரிசைக்கு சுமார் 6 கேபி. 10 லட்சம் வரிசைக்கு 6 ஜிபி, இண்டெக்ஸ் தனி. ரேமில் அடங்காவிட்டால் வேகம் போச்சு. நெருக்கமான வெக்டர்களைத் தேடித் தரும் எச்என்எஸ்டபிள்யூ இண்டெக்ஸ் டிஃபால்ட்டாக 40 வரிசைகளை மட்டும் பொறுக்கும். அதற்குப் பிறகுதான் ‘வேர்’ வடிகட்டும். நிபந்தனைக்குப் பத்தில் ஒன்றுதான் பொருந்துமென்றால் 10 கேட்ட இடத்தில் 4 வரும். 0.8 பதிப்பில் இட்டரேட்டிவ் ஸ்கேன் வந்திருக்கிறது, அதை ஆன் செய்யுங்கள்.

கேள்வி, தஞ்சாவூர்
அண்ணே, இதற்கெல்லாம் 8 ஜிபி லேப்டாப் தாங்குமா?

திருவாரூர்
தாங்கும் தம்பி. 2 ஜிபி வீதம் இரண்டு விர்ச்சுவல் மெஷின், ஒன்று பிரைமரி (மெயின்), ஒன்று ஸ்டாண்ட்பை (நகல்). போஸ்ட்கிரெஸ் டேட்டாவை மெமரியில் வைத்துக்கொள்ளும் ஷேர்டு பஃபர்ஸை 128 எம்பி டிஃபால்ட்டிலேயே விடுங்கள். மெமரி குறைவாக இருந்தால்தான் மோசமான குவெரி சீக்கிரம் முகத்தைக் காட்டும்.