இயேசு விசுவாசித்தாரா? எபிரெயர் 12:2 பற்றி ஒரு சந்தேகம்

ஹட்டன் வாசகர்:

லெந்து காலத்துக்கு எங்கள் தோட்டத்துச் சபையில் எபிரெயர் நிருபத்தை எடுத்திருக்கிறோம். பின்னேரம் கொழுந்து நிறுத்து முடிந்து ஆட்கள் வந்து உட்கார்ந்தால் நாற்பது நிமிடம்தான் கிடைக்கும். 12:2இல் "விசுவாசத்தைத் துவக்குகிறவரும் முடிக்கிறவருமாயிருக்கிற இயேசு" என்று வருகிறது. வாலிபர் பக்கமிருந்து வரும் கேள்வி: இயேசு தேவன் என்றால் அவர் யாரை விசுவாசிக்க வேண்டும்? விசுவாசிக்கவில்லை என்றால், நமக்கு எப்படி முன்மாதிரி ஆவார்? சபையில் பாதிப் பேர் கத்தோலிக்க வீடுகளில் சம்பந்தம் வைத்தவர்கள், அந்த வேதாகமமும் கைக்கு வரும். இரண்டு பக்கமும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பிலிமத்தலாவை பக்கம்:

முதலில் சொல்லைப் பாருங்கள் தம்பி, பாதிச் சிக்கல் அதில்தான் இருக்கிறது. பழைய மொழிபெயர்ப்பில் "விசுவாசம்" என்பது கத்தோலிக்கர் வாசிக்கும் திருவிவிலியத்தில் "நம்பிக்கை". அங்கே "எதிர்நோக்கு" என்பது நம்மிடம் "நம்பிக்கை". இதைச் சொல்லாமல் தொடங்கினால் ஒரே வசனத்தை இரண்டு பேர் வாசித்து இரண்டு காரியம் பேசுவார்கள்.

அடுத்தது கிரேக்கம். பிஸ்டிஸ் என்ற சொல்லுக்கு நம்புவது என்றும் பொருள், நம்பத்தக்கவராய் நிலைப்பது என்றும் பொருள். ரோமர் 3:3இல் அதே சொல் "தேவனுடைய உண்மை" என்று வருகிறது. தேவன் யாரையும் விசுவாசிக்கிறார் என்பதல்ல, சொன்ன சொல் தவறாதவர் என்பது. நம் ஊர்ப் பேச்சிலும் "விசுவாசமான ஆள்" என்றால் கைவிடாதவன் என்றுதானே சொல்கிறோம்? அந்த வகையில் தமிழ்ச் சொல் கிரேக்கத்துக்கு நன்றாகவே பொருந்துகிறது.

பவுல் எழுதியதில் "பிஸ்டிஸ் கிறிஸ்டூ" வகைத் தொடர் ஏழு இடங்களில் வருகிறது: ரோமர் 3:22, 3:26, கலாத்தியர் 2:16இல் இரண்டு தரம், 2:20, 3:22, பிலிப்பியர் 3:9. சொல்லுக்குச் சொல் வைத்தால் "கிறிஸ்துவின் விசுவாசம்". "தாய்ப்பாசம்" போலத்தான் இது: தாய் பிள்ளைமேல் வைத்த பாசமும் ஆகும், பிள்ளை தாய்மேல் வைத்த பாசமும் ஆகும். கலாத்தியர் 2:20இல் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு "குமாரனைப்பற்றும் விசுவாசம்" என்று ஒரு "பற்றும்" சேர்த்து அந்தக் கதவை மூடிவிட்டது. கிரேக்கத்தில் அந்தச் சொல் இல்லை. புதிய ஏற்பாட்டு அறிஞர் ரிச்சர்ட் ஹேஸ் 1983இல் "கிறிஸ்துவே காட்டிய விசுவாசம்" என்ற வாசிப்பை வலுவாக முன்வைத்தார். இயேசு விசுவாசித்தார் என்று பவுல் வினைச்சொல்லாக நேரே எழுதவில்லையே என்பது இன்னொரு அறிஞர் ஜேம்ஸ் டன்னின் மறுப்பு. இரு பக்கத்துக்கும் இலக்கண ஆதாரம் உண்டு: மாற்கு 11:22இல் "தேவனின் விசுவாசம்" என்ற அதே அமைப்பு தேவனிடத்தில் வைக்கும் விசுவாசம், ரோமர் 4:16இல் ஆபிரகாமின் விசுவாசம் ஆபிரகாமே வைத்த விசுவாசம். ஆகவே இலக்கணத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்கிறவரை நம்பாதீர்கள்.

எபிரெயர் 12:2இல் "துவக்குகிறவர்" என்பதற்குக் கிரேக்கச் சொல் ஆர்கேகோஸ். 2:10இல் "அதிபதி" என்று வருவதும் அதுவே. முன்னே நடந்து வழி திறப்பவர் என்று எடுங்கள். கங்காணி மாதிரி பின்னால் நின்று ஏவுகிறவர் அல்ல. "நம்முடைய" என்ற சொல் அங்கே கிரேக்கத்தில் கிடையாது, தமிழிலும் இல்லை. சில ஆங்கில வேதாகமங்கள்தான் சேர்த்தன. பதினோராம் அதிகாரத்து விசுவாச வீரர் வரிசையின் கடைசியில் இயேசுவை நிறுத்துவதே ஆசிரியரின் நோக்கம் என்பது என் வாசிப்பு.

அம்பிட்டிய மாணவன்:

கத்தோலிக்க மரபில் நெடுங்காலப் பதில் "இல்லை" என்பதே. புனித தோமா அக்குவினாஸ் தமது "சும்மா" என்ற பெரிய இறையியல் நூலில் (பெயர்தான் சும்மா, வாசித்தால் தலை சுற்றும்) மூன்றாம் பாகம், ஏழாம் கேள்வி, மூன்றாம் பிரிவில் இதையே கேட்கிறார். காணாததை ஏற்பதுதான் நம்பிக்கை (எபிரெயர் 11:1). கிறிஸ்துவின் மனித ஆன்மா கருவான கணத்திலிருந்தே கடவுளை நேரே கண்டது. பேரின்பக் காட்சி என்பார்கள். காண்கிறவருக்கு நம்பிக்கை எதற்கு? ஆனால் பலர் விட்டுவிடும் இடம் ஒன்று அங்கேயே உண்டு: நம்பிக்கையின் மேன்மை கீழ்ப்படிதலில் இருக்கிறது, அது கிறிஸ்துவிடம் முழுமையாய் இருந்தது என்று பிலிப்பியர் 2:8ஐக் காட்டுகிறார். அடுத்த பிரிவில் எதிர்நோக்கைப் பற்றியும் இப்படித்தான்: கடவுளை ஏற்கெனவே அனுபவித்தவருக்கு அது தேவையில்லை, உடலின் மகிமை போல இன்னும் பெறாதவற்றை மட்டும் எதிர்நோக்கினார்.

20ஆம் நூற்றாண்டில் இந்தப் பதில் தளர்ந்தது. கத்தோலிக்க இறையியலாளர் ஹன்ஸ் உர்ஸ் ஃபொன் பல்தாசர் "கிறிஸ்துவின் நம்பிக்கை" என்றே ஒரு கட்டுரை எழுதினார். அதற்காக எல்லை இல்லாமல் போகவில்லை: இயேசுவை நம்மைப் போன்ற நம்பிக்கையாளர் என்று இறையியலாளர் ஜோன் சொப்ரினோ எழுதியதை வத்திக்கான் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 2006இல் கண்டித்தது.

ஹட்டன் வாசகர்:

நன்றி. அப்படியென்றால் "தேவனாக எல்லாம் தெரிந்தது, மனிதனாக விசுவாசித்தார்" என்று சுருக்கிச் சொல்லலாமா?

பிலிமத்தலாவை பக்கம்:

அப்படியே சொல்லாதீர்கள், சறுக்குவது அங்கேதான். சுபாவம் (தேவத்தன்மை, மனிதத்தன்மை என்ற இயல்பு) விசுவாசிக்காது, ஆள்தான் விசுவாசிப்பார். ஒரே ஆளை இரண்டாய் வெட்டினால் நெஸ்தோரியு பக்கம் விழுவீர்கள். எபேசு திருச்சபைச் சங்கம் 431இல் தள்ளியது அது. அதற்குப் பயந்து "எல்லாம் தெரிந்தவர், ஜெபமெல்லாம் நமக்குக் காட்ட" என்றால் மனித மனம் வெறும் வேஷமாகிவிடும். கிறிஸ்துவுக்கு மனித மனம் இல்லை என்ற அப்பொலினாரி பக்கம் அது, 381இல் தள்ளப்பட்டது. லூக்கா 2:52இல் ஞானத்தில் வளர்ந்தார், மாற்கு 13:32இல் அந்த நாழிகை குமாரனுக்கும் தெரியாது. இந்த வசனங்களை ஒளிக்க வேண்டாம்.

சரியான வாக்கியம்: குமாரனாகிய ஒரே ஆள், தமது மனித சுபாவத்தின்படி, பிதாவை நம்பிக் கீழ்ப்படிந்தார். ஆள் ஒருவர், சுபாவம் இரண்டு என்று சொன்ன 451இன் கல்கெதோன் அறிக்கைக்குள் இது நிற்கும். நமக்கும் அவருக்கும் உள்ள வித்தியாசத்தையும் கூடவே சொல்லுங்கள்: நம் விசுவாசம் பாவமன்னிப்பைப் பெறக் கை நீட்டுகிறது, அவருடையதில் அந்தப் பகுதி கிடையாது.

நாற்பது நிமிடத்துக்கு: கிரேக்கத்தில் தொடங்காதீர்கள், ஐந்து நிமிடத்தில் பாதிப் பேர் கைபேசிக்குப் போய்விடுவார்கள். எபிரெயர் 11:1ஐயும் 12:2ஐயும் இரண்டு மொழிபெயர்ப்பிலும் சத்தமாய் வாசித்து, சொல் வித்தியாசத்தைப் பத்து நிமிடத்தில் முடியுங்கள். 5:7-8க்கு அதிக நேரம் கொடுங்கள், கேள்வியின் உயிர் அங்கே இருக்கிறது: "குமாரனாயிருந்தும்" கண்ணீரோடு ஜெபித்தார், கீழ்ப்படிதலைக் கற்றுக்கொண்டார். கெத்செமனே தோட்டத்து ஜெபத்தை ("என்னுடைய சித்தத்தின்படியல்ல, உம்முடைய சித்தத்தின்படியே") இதோடு சேருங்கள். மனித சித்தம் ஒன்று அவருக்கு உண்டு என்று 680-681 கொன்ஸ்தாந்திநோபிள் சங்கம் சொன்னதற்கு அந்த ஜெபமே பெரிய ஆதாரம். கலாத்தியர் 2:20ஐ நேரம் மிஞ்சினால் மட்டும் எடுங்கள்.

அம்பிட்டிய மாணவன்:

ஒரு எச்சரிக்கை. எபிரெயர் 2:13இல் "நான் அவரிடத்தில் நம்பிக்கையாயிருப்பேன்" என்று இயேசுவின் வாயில் ஏசாயா 8:17 வைக்கப்படுகிறது. வலுவான ஆதாரம்தான், ஆனால் அங்கே கிரேக்கத்தில் பிஸ்டிஸ் இல்லை, "சார்ந்து நம்பியிருப்பது" என்ற வேறு சொல். சிலுவையடியில் "தேவன்மேல் நம்பிக்கையாயிருந்தானே" என்று ஏளனம் செய்தவர்கள் வாயிலும் (மத்தேயு 27:43) அதே சொல்தான். அதனால் 2:13ஐ வைத்து "விசுவாசம் என்று நேரே எழுதியிருக்கிறது" என்று சொல்லிவிடாதீர்கள், யாராவது கைபேசியில் தேடிப் பார்த்துத் திருத்துவார்கள்.