புது வேப்ப மர வேலி: ஸ்டெயின் அடித்து ஒன்பது நாளாகியும் பிசுபிசுக்கிறது, யாராவது வழி சொல்லுங்கள்

காட்பாடிக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். சித்திரை முதல் வாரம் அடித்த கோடை மழையில் எங்கள் வீட்டு வேப்ப மரம் சாய்ந்துவிட்டது. முப்பது வருஷ மரம், விறகுக்குப் போட மனசு வரவில்லை, ரம்பப் பட்டறையில் கொடுத்து ஒரு இஞ்ச் பலகையாக அறுத்துக்கொண்டு வந்து வீட்டு முன்னால் 40 அடி நீளத்துக்கு 4 அடி உயர வேலி போட்டுவிட்டோம். (மரமில்லாத மலை, தண்ணியில்லாத ஆறு என்று நம்ம வேலூரைச் சொல்வார்கள், நான் அதே ஊரில் மரவேலி போட்டிருக்கிறேன், சிரிக்காதீர்கள்.) போன வாரத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை வெளிப்புறத்துக்கான ஆயில் ஸ்டெயின் (மரத்துக்கு அடிக்கும் நிற எண்ணெய்) வாங்கி நானே அடித்தேன். இன்று ஒன்பதாவது நாள், கை வைத்தால் விரல் ஒட்டுகிறது. தெருப் புழுதி எல்லாம் அதில்தான் உட்கார்ந்திருக்கிறது, சில பலகையில் திட்டுத் திட்டாகப் பளபளக்கிறது, சிலதில் மங்கல். போதாததற்கு ஒவ்வொரு ஆணியைச் சுற்றியும் மை கொட்டியது போல் கறுப்பாக வழிந்திருக்கிறது. பாதி வேலிதான் முடிந்திருக்கிறது, மீதியை அடிப்பதா நிறுத்துவதா?

ஆற்காடு பெயிண்டர்:
நிறுத்துங்க சார். முதலில் மூன்று விஷயம் சொல்லுங்கள். எத்தனை லிட்டர் இறங்கியது, எத்தனை மணிக்கு அடித்தீர்கள், அடித்த பிறகு துணியால் துடைத்தீர்களா?

காட்பாடிக்காரன்:
20 அடி நீளம், வெளிப்பக்கம் மட்டும், 4 லிட்டர் டின் முழுசும் காலி. காலை பதினொன்றுக்கு ஆரம்பித்து மதியம் இரண்டுக்குள் இரண்டு கோட். துடைக்கவில்லை, துடைத்தால் அடித்ததே வீணாகிவிடுமே என்று விட்டுவிட்டேன். நல்ல வெயில், சீக்கிரம் காயும் என்று நினைத்தேன்.

ஆற்காடு பெயிண்டர்:
அங்கேதான் தப்பு. 80 சதுர அடிக்கு 4 லிட்டர் என்பது நன்றாகக் காய்ந்த சொரசொரப்பான பலகைக்கே அதிகம், பச்சைப் பலகை அதில் பாதியைக் கூடக் குடித்திருக்காது. குடிக்காதது மேலேயே நின்று கெட்டியாகிவிட்டது. ஆயில் ஸ்டெயின் பெயிண்ட் கிடையாது சார், அது மரத்துக்குள் போக வேண்டிய சாமான். அடித்துப் பத்துப் பதினைந்து நிமிஷத்தில் மேலே நிற்பதைத் துணியால் எடுத்துவிட வேண்டும், வீணாகும் என்று பார்க்கக் கூடாது. வேலூர் மதிய வெயிலில் பலகையைத் தொடவே முடியாது, அந்தச் சூட்டில் தின்னர் மட்டும் ஆவியாகி மேலே ஆடை கட்டும், அடியில் ஈரம் அப்படியே இருக்கும்.

ஆம்பூர் தம்பி:
அண்ணா, மேலே ஒரு கோட் வார்னிஷ் விட்டுவிடுங்கள், ஒட்டுவது நின்றுவிடும். எங்கள் வீட்டுக் கதவுக்கு அப்படித்தான் செய்தோம்.

குடியாத்தம் ஆசாரி:
தம்பி, உங்கள் கதவு நிலைக்குள்ளே நிழலில் இருக்கிறது, இவர் வேலி பகல் முழுக்க வெயிலில் நிற்கிறது. காயாத எண்ணெய் மேல் வார்னிஷ் விட்டால் அது அடுத்த வெயிலுக்கே பாளம் பாளமாக வெடித்து உரியும், அப்புறம் சுரண்டவே ஒரு வாரம் ஆகும். தயவுசெய்து வேண்டாம்.

காட்பாடி சாருக்கு நான் சொல்வது நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பிரச்சினை ஸ்டெயின் இல்லை, மரம் இன்னும் காயவில்லை. சித்திரையில் சாய்ந்த மரத்தை ஆனிக்குள் அறுத்து ஆணியும் அடித்துவிட்டீர்கள். ஒரு இஞ்ச் பலகை என்றால் நடுவில் கட்டை வைத்து அடுக்கி நிழலில் காற்றாட விட்டு நம்ம ஊர் வெயிலிலேயே நாலைந்து மாசமாவது ஆக வேண்டும். சோதித்துப் பார்க்க மீட்டர் எல்லாம் வேண்டாம், ஸ்டெயின் அடிக்காத பலகையில் நாலு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். ஒரு நிமிஷத்துக்குள் உறிஞ்சிக்கொண்டால் மரம் தயார். முத்து முத்தாக மேலேயே நின்றால் ஒன்று மரம் தயார் இல்லை, அல்லது ரம்பம் ஓடின பளபளப்பு மேலே இருக்கிறது, 80 நம்பர் உப்புத்தாள் போட்டுவிட்டு மறுபடி சொட்டு விட்டுப் பாருங்கள். அதற்கு மேல் நைசாகத் தேய்க்காதீர்கள், வழவழப்பான பலகை எண்ணெய் குடிக்காது.

ஆணிக் கறுப்பு வேறு கதை. ஈர மரத்தில் துவர்ப்பு இருக்கும், அதோடு இரும்பு சேர்ந்தால் கறுப்புதான். அந்தக் காலத்தில் கடுக்காயும் அன்னபேதியும் (இரும்பு உப்பு) சேர்த்து மை காய்ச்சினார்களே, அதே வேலை உங்கள் வேலியில் நடக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் தோல் பதனிடும் ஷாப்பில் ஆவாரம் பட்டை ஊறின தண்ணீரில் இரும்புத் துண்டு விழுந்தால் என்ன ஆகும் என்று அங்கே வேலை செய்தவர்களைக் கேளுங்கள். சாதாரணக் கம்பி ஆணியைப் பிடுங்கிவிட்டு ஜி.ஐ. (துத்தநாகம் பூசின) ஸ்க்ரூவோ, காசு இருந்தால் எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) ஸ்க்ரூவோ போடுங்கள். கறைக்கு ஆக்ஸாலிக் ஆசிட் தூள், ஒரு லிட்டர் வெந்நீருக்கு இரண்டு மூன்று ஸ்பூன், பிரஷ்ஷால் தடவி அரை மணி நேரம் கழித்து நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். ஆனால் அது வெறும் மரத்தில்தான் வேலை செய்யும், மேலே இருக்கிற எண்ணெயை எடுத்த பிறகு போடுங்கள். அது விஷம், கையுறை போட்டுக்கொள்ளுங்கள், குழந்தைகள் இருந்தால் மீதியை வீட்டில் வைக்காதீர்கள்.

காட்பாடிக்காரன்:
ரொம்ப நன்றி ஐயா. சொட்டு விட்டுப் பார்த்தேன், ஐந்து நிமிஷம் ஆகியும் அப்படியே உருண்டுகொண்டு நின்றது. உப்புத்தாள் போட்ட இடத்திலும் அதேதான். சரி, பிசுபிசுப்பை எப்படி எடுப்பது? அப்புறம் ஐப்பசி மழைக்குள் முடிக்காவிட்டால் மரம் கெட்டுவிடாதா? வேப்ப மரத்தைக் கரையான் தொடாது என்கிறார்கள், அந்தத் தைரியத்தில்தான் தூணை நேராக மண்ணில் இறக்கிக் கான்கிரீட் போட்டிருக்கிறேன்.

ஆற்காடு பெயிண்டர்:
பிசுபிசுப்புக்கு டர்பன்டைனில் நனைத்த துணியும் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரும் போதும், மரத்தின் நார் போகும் திசையிலேயே தேய்க்கணும். கெட்டியாகிவிட்ட இடத்தில் அதே ஸ்டெயினைக் கொஞ்சம் தொட்டுத் தேய்த்தால் பழசு இளகி வந்துவிடும், உடனே துடைத்துவிடுங்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல், நிழலில்.

ஒன்று மறக்காதீர்கள். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். எண்ணெய் காயும்போது சூடு கிளம்பும், துணி சுருண்டிருந்தால் சூடு வெளியே போகாமல் தானாகவே தீப்பிடிக்கும். எனக்கே நடந்தது. பெஞ்சுக்கு அடியில் பழைய டப்பாவில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன், வந்து பார்த்தால் கருகின வாசனை, டப்பா கை வைக்க முடியாத சூடு. பிரித்து வெளியே கல்லின் மேல் காயப் போடுங்கள், இல்லையென்றால் தண்ணீர் வாளியில் முக்கிவிடுங்கள்.

குடியாத்தம் ஆசாரி:
கரையான் தொடாதது வைரம் பாய்ந்த பகுதிதான். வெளியே வெளுப்பாக இருக்கிற வெள்ளையை நன்றாகவே தின்னும், வேம்பானாலும் சரி. தூண் அடியில் கான்கிரீட் மேல்பக்கம் குழியாக இருந்தால் தண்ணீர் அங்கேயே நின்று தூணை அழுக வைக்கும், நாலு பக்கமும் வெளியே வாட்டம் வருகிற மாதிரி சிமெண்ட் பூசிவிடுங்கள். பலகையின் அடி நுனி மண்ணில் படக் கூடாது, இரண்டு இஞ்ச் இடைவெளி விட்டு அறுத்துவிடுங்கள்.

மழையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். ஒரு மழைக்காலத்தில் மேல்தோல் சாம்பல் நிறமாகும், அவ்வளவுதான், நன்றாகக் கழுவி லேசாக உப்புத்தாள் போட்டால் உள்ளே பழைய நிறம் இருக்கும். பலகை சுருங்கி நடுவில் இடைவெளி விழும், சில பலகை முறுக்கும், அதை இப்போதே எதிர்பாருங்கள். நானாக இருந்தால் ஸ்டெயின் வேலையைத் தை மாசத்துக்குத் தள்ளிப்போடுவேன். மழை முடிந்திருக்கும், வெயில் இதமாக இருக்கும், ஆடிக் காற்றுப் புழுதியும் இல்லை. நிறமே இல்லாத கிளியர் வாங்காதீர்கள், வெயிலைத் தடுப்பது அதில் இருக்கிற வண்ணம்தான். அடிக்கும்போது பலகையின் நுனிக்கு, வெட்டுவாய்க்கு, இரண்டு மூன்று தடவை கொடுங்கள். தண்ணீர் குடிப்பது அந்த வழியாகத்தான், பிளப்பதும் அங்கிருந்துதான்.

ராணிப்பேட்டை ஷிஃப்ட்:
நடுவில் ஒரு சந்தேகம், மன்னிக்கவும். கம்பெனியில் கழித்த பைன் பேலட் (சரக்கு அடுக்கும் மரத்தட்டு) வாங்கி வேலி போட நினைக்கிறேன். மேலே எச்.டி. என்று முத்திரை இருக்கிறது, ட்ரீட் பண்ணின மரம்தானே, சீல் பண்ணாமல் விட்டுவிடலாமா?

குடியாத்தம் ஆசாரி:
விடக் கூடாது. எச்.டி. என்றால் மரத்தின் நடுவரைக்கும் 56 டிகிரி, 30 நிமிஷம் சூடு காட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம், கப்பலில் பூச்சி போகாமல் இருக்க. மழைக்கும் கரையானுக்கும் அதில் எந்த மருந்தும் இல்லை. எம்.பி. என்று முத்திரை இருந்தால் அந்தப் பேலட்டைத் தொடாதீர்கள், அது புகை மருந்து அடித்தது.

காட்பாடிக்காரன்:
பதினெட்டு நாள் கழித்து எழுதுகிறேன். இரண்டு சாயங்காலம் தேய்த்ததில் பிசுபிசுப்பு போய்விட்டது, நிறம் கொஞ்சம் திட்டாக இருக்கிறது, பரவாயில்லை. ஆணி பாதி மாற்றியாயிற்று, கறை லேசாகத் தெரிகிறது. தூண் அடியில் வாட்டம் கொத்தனார் செய்துகொடுத்தார். நேற்று ஒரு பலகை நுனியில் அரை அடிக்குப் பிளந்திருந்தது, வீட்டில் அம்மா பார்த்துவிட்டு விறகுக்கே போட்டிருக்கலாம் என்றார். மீதி வேலிக்கான டின்னைத் தை வரைக்கும் பரண் மேல் வைத்திருக்கிறேன்.