ஊசியை நிறுத்தினால் எடை திரும்புமா?

கல்லடி: பசியைக் குறைக்கும் செமாக்ளூடைட் ஊசியோடு 14 மாதத்தில் 92 கிலோவிலிருந்து நினைத்த 76க்கு வந்துவிட்டேன். இனி நிறுத்தலாமா? பழைய பசி திரும்புமோ என்று பயமாக இருக்கிறது.

அக்கரைப்பற்று: பயம் நியாயம்தான் தங்கச்சி. இந்த மருந்தைப் பற்றிய ஸ்டெப் 1 ஆய்வின் தொடர்ச்சி 2022இல் வந்தது, அதில் ஊசியையும் உணவு ஆலோசனையையும் நிறுத்தியவர்களுக்கு ஒரு வருடத்தில், இழந்த எடையில் சராசரியாக மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. மருந்து போனால் பசி வரும், அது உங்கள் மனவுறுதியின் குறை இல்லை. டாக்டரிடம் கேட்காமல் நிறுத்த வேண்டாம்.

களுவாஞ்சிக்குடி: நான் டாக்டர் சொன்னபடி குறைந்த அளவில் தொடர்கிறேன். எடையோடு தசையும் கரையும் என்பதால் இரவில் பிட்டைப் பாதியாக்கி மீனும் பயறும் கூட்டினேன், பாரமும் தூக்குகிறேன்.

கல்லடி: சரி அக்கா, திங்கட்கிழமை கிளினிக்கில் கேட்கிறேன். கடற்கரை நடையை விடமாட்டேன்.