ஆணுறைக் கணக்கு ஏறுது, சிபிலிஸ் இறங்கலை: எதை நம்புறது?

கொங்குக்களம்:
பெண் பாலியல் தொழிலாளர்களிடம் நடத்தைக் கணக்கெடுப்பு, ஒரே மாவட்டத்தில் இரண்டு சுற்று முடிந்திருக்கிறது. "கடைசி வாடிக்கையாளரிடம் ஆணுறை இருந்ததா" என்பதற்கு ஆமாம் சொன்னவர்களின் சதவீதம் நன்றாகக் கூடியிருக்கிறது. கூடவே எடுத்த ரத்தத்தில் சிபிலிஸ் (ஒரு பால்வினை நோய்) சதவீதம் அசையவில்லை, எச்.ஐ.வி.யும் இறங்கவில்லை. பதில் பொய்யா, பரிசோதனை தப்பா? மூன்றாவது சுற்றில் எதை மாற்றலாம்? இன்னொன்று: 50 சதவீதம் 60 ஆனால் பிடிபடுவதற்குச் சுற்றுக்கு 400 பேர் போதுமா?

சீரம் சிவா:
ஆளுங்களைச் சந்தேகப்படறதுக்கு முன்னாடி கிட்டைப் பாருங்க. விரல் குத்தி கோடு பார்க்கிற ரேபிட் கிட்டோ டி.பி.எச்.ஏ.வோ (சிபிலிஸ் கிருமிக்கு எதிரா உடம்புல உண்டான எதிர்ப்புப் பொருளைப் பார்க்கிற ரத்தச் சோதனை) மட்டும் போட்டிருந்தா, எப்பவோ வந்து ஊசி போட்டுக் குணமானவங்களும் பெரும்பாலும் ஆயுசு பூரா பாசிட்டிவ்தான். அந்த எண்ணிக்கை இறங்கணும்னா பழைய ஆளுங்க தொழிலை விட்டுப் போகணும். ஆணுறைக்கும் அதுக்கும் உடனடித் தொடர்பு கிடையாது. ஆர்.பி.ஆர்.னு இன்னொரு ரத்தச் சோதனை இருக்கு, அதுல டைட்டர் (ரத்தத்தை எவ்வளவு நீர்த்தாலும் பாசிட்டிவ் காட்டுதுங்கிற அளவு) 1:8 அல்லது அதுக்கு மேல, கூடவே டி.பி.எச்.ஏ. பாசிட்டிவ், இந்த ரெண்டும் சேர்ந்தவங்களைத் தனியா எண்ணுங்க. பழைய சுற்றோட சீரம் ஃப்ரீசர்ல ஒழுங்கா இருந்து, மறுபரிசோதனைக்குச் சம்மதமும் வாங்கியிருந்தா இப்பவும் ஓட்டிப் பார்க்கலாம்.

எச்.ஐ.வி.யும் அதே கதைதான். ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி. கூட்டு மருந்து) வந்த பிறகு ஆளுங்க உயிரோட இருக்காங்க, அதனால மொத்த சதவீதம் நிக்கும். 25 வயசுக்குக் கீழ இருக்கிறவங்க, தொழிலுக்கு வந்து 2 வருஷம் ஆகாதவங்க, இவங்களை மட்டும் பிரிச்சுப் பாருங்க. புதுத் தொற்று இருந்தா அங்கதான் தெரியும். பணம் இருந்தா சிறுநீர்லயோ ஸ்வாப்லயோ (பஞ்சுக் குச்சியில எடுக்கிற மாதிரி) கொனோரியா, கிளமிடியாங்கிற மத்த பால்வினை நோய்ச் சோதனையும் சேருங்க.

எண்பித்தன்:
400 போதாது. 50-லிருந்து 60, 95 சதவீத நம்பகம், 80 சதவீதத் திறன் (மாற்றம் உண்மையில் இருந்தால் அதைப் பிடிக்கும் வாய்ப்பு) என்று வைத்தால், ஆட்களைத் தனித்தனியே குலுக்கி எடுக்கும் எளிய மாதிரிக்கே சுற்றுக்கு ஏறக்குறைய 387 பேர் வேண்டும். நீங்கள் இடம் இடமாகப் போய்க் கொத்தாக எடுக்கிறீர்கள். வடிவமைப்பு விளைவு (கொத்தாக எடுப்பதால் மாதிரி எத்தனை மடங்கு பெருக வேண்டும் என்பது) 2 என்றால் ஏறக்குறைய 775. 400-ஐ வைத்துக்கொண்டு "மாற்றம் இல்லை" என்று எழுதுவதும் தப்பு, 6 புள்ளி ஏறியதைக் கொண்டாடுவதும் தப்பு.

அதைவிடப் பெரிய ஓட்டை மாதிரிச் சட்டகம், அதாவது ஆட்களை எந்தப் பட்டியலிலிருந்து எடுக்கிறோம் என்பது. முதல் சுற்றில் பஸ் ஸ்டாண்டும் லாட்ஜும் வைத்து வரைபடம் போட்டிருப்பீர்கள். இப்போது போனில் பேசி வீட்டிலிருந்தே போகிறவர்கள் அந்த வரைபடத்தில் இல்லை. இரண்டு சுற்றும் ஒரே மாவட்டம்தான், ஒரே கூட்டம் அல்ல. மூன்றாவது சுற்றில் "கடந்த 7 நாளில் வாடிக்கையாளரை எப்படிப் பிடித்தீர்கள்" என்ற ஒரு கேள்வியைப் போடுங்கள். இனி வரும் சுற்றுகளையாவது வகை வாரியாக ஒப்பிட முடியும்.

வாடிக்கையாளர் பக்கமும் அளந்தால்தான் படம் முழுமை. தாய்லாந்தின் வட பகுதியில் ராணுவத்துக்கு எடுக்கப்பட்ட இளைஞர்களிடம் 1991-க்கும் 1995-க்கும் இடையே பார்த்ததில், முந்தைய ஓராண்டில் பாலியல் தொழிலாளியிடம் போனவர்கள் 57 சதவீதத்திலிருந்து 24-க்கு இறங்கினார்கள், கடைசியாகப் போனபோது ஆணுறை 61-லிருந்து 92-க்கு ஏறியது, எச்.ஐ.வி. 1993-இல் 12.5, 1995-இல் 6.7. மூன்றும் ஒரே திசையில் பேசின, அதனால் நம்பினார்கள். ஆணுறை சதவீதத்தை மட்டும் பார்த்திருந்தால் போகிறவர்களே பாதிக்கு மேல் குறைந்தது தெரிந்திருக்காது. அந்தச் சதவீதத்தில் கீழே வகுக்கும் எண்ணே "போனவர்கள்" மட்டும்தானே.

வாக்குப்பெட்டி:
நேர்காணல் எடுத்தது யார்? தினமும் ஆணுறை கொடுத்து "போடும்மா" என்று சொல்கிற அதே சக ஊழியர் என்றால், "போடலை" என்று யார் முகத்துக்கு நேரே சொல்வார்கள்? கணக்கெடுப்புக்கு வெளியாட்களை வையுங்கள். கேள்வியையும் உடையுங்கள். "எப்போதும் போடுவீர்களா" வேண்டாம். "கடைசியாக வந்தவர் எப்போது வந்தார்? புதியவரா, வழக்கமாக வருபவரா? அன்று ஆணுறை இருந்ததா? பாதியில் கழற்றினாரா, கிழிந்ததா?" அதற்கு முன் வந்தவர், அதற்கும் முன் வந்தவர் என்று மூன்று பேருக்கு இதே வரிசை. வழக்கமாக வருபவர், வீட்டுக்காரர், பணம் தராத துணை எல்லோரையும் ஒரே கட்டத்தில் போட்டால் அங்கேதான் விஷயம் மறைகிறது. பழகிய ஆளிடம்தான் ஆணுறை முதலில் கழன்று போகும்.

இதற்கு மேல் வாக்குச்சாவடி முறை ஒன்றும் வையுங்கள், கர்நாடகத்தில் நிறையச் செய்திருக்கிறார்கள். ஒரே வகைப் பெண்கள் 10 முதல் 12 பேர், ஆளுக்கொரு அட்டைத் தடுப்பு. உள்ளே பச்சை, சிவப்பு, வெள்ளை என மூன்று பெட்டி. கேள்வி எண் அச்சிட்ட சீட்டுக் கட்டு ஆளுக்கு ஒன்று, பெயர் கிடையாது. கேள்வியைச் சத்தமாக இரண்டு முறை படித்து, "இப்போது 4-ஆம் சீட்டு" என்று பெரிய அட்டையைத் தூக்கிக் காட்ட வேண்டும். ஆமாம் என்றால் பச்சை, இல்லை என்றால் சிவப்பு, பொருந்தாது என்றால் வெள்ளை. முடிந்ததும் எல்லோருடைய பச்சையையும் ஒன்றாகக் கொட்டி எண்ணுவீர்கள், மற்ற இரண்டும் அப்படியே.

கெட்டுப்போவது வெள்ளைப் பெட்டியில்தான். அதைச் சரியாகப் புரியவைக்காவிட்டால், வழக்கமான துணையே இல்லாதவர் "அவரிடம் ஆணுறை இருந்ததா" என்பதற்குச் சிவப்பில் போட்டுவிடுவார். போடாதவர் கணக்கு சும்மா ஏறும். அதனால் "காபி குடித்தீர்களா", "நீங்கள் குடித்த காபியில் சர்க்கரை இருந்ததா" என்று இரண்டு ஒத்திகைக் கேள்வி. காபியே குடிக்காதவருடைய இரண்டாம் சீட்டு வெள்ளையில் விழுந்தால் புரிந்துவிட்டது என்று அர்த்தம். "அல்லது", "மற்றும்" வருகிற கேள்வி கூடவே கூடாது. ஒரே குறை, பதிலை ஆளோடும் ரத்தத்தோடும் இணைக்க முடியாது. நேர்காணலுக்கும் இதற்கும் உள்ள இடைவெளிதான், எவ்வளவு மறைக்கிறார்கள் என்பதற்கு உங்களுக்கு வேண்டிய அளவு.

கொங்குக்களம்:
கிட் ரேபிட்தான், சிவா சார். இப்போதுதான் உறைக்கிறது. வாக்குச்சாவடிக்குப் பதில் பட்டியல் முறை (4 சாதாரண வாக்கியம் ஒரு பாதிக்கு, அதே 4-உடன் ஆணுறை பற்றிய கூச்சமான ஒன்றும் சேர்த்து 5 மறுபாதிக்கு, எத்தனை தனக்குச் சரி என்று எண் மட்டும் சொன்னால் போதும், இரண்டு சராசரியின் வித்தியாசம்தான் விடை) சுலபமில்லையா?

எண்பித்தன்:
சுலபம், ஆனால் மங்கல். பாதிக்கு 400 பேர், எண்ணிக்கையின் திட்ட விலக்கம் (சராசரியிலிருந்து பதில்கள் சிதறும் அளவு) 1 என்று வைத்துப் பாருங்கள். சராசரி ஒரு பக்கம் 2.10, மறுபக்கம் 1.82 வந்தால் விடை 28 சதவீதம், கூட்டிக் கழிக்க 14. அதாவது 14-லிருந்து 42 வரை எதுவும் இருக்கலாம். இதை வைத்து என்ன முடிவெடுப்பீர்கள்?

அதற்குப் பதில் பைசா செலவில்லாத ஒரு சோதனை. மாவட்டத்தில் 2,000 பேர், வாரம் 8 உறவு, 90 சதவீதம் ஆணுறை என்று உங்கள் அறிக்கை சொன்னால் ஆண்டுக்கு ஏறக்குறைய 7.5 லட்சம் ஆணுறை வேண்டும். இலவச விநியோகப் பதிவேட்டையும் கடை விற்பனையையும் கூட்டுங்கள். 3 லட்சம்தான் வருகிறதென்றால் 90 எங்கிருந்து வந்தது?

சீரம் சிவா:
ஒண்ணு விட்டுப்போச்சு. ஒரு சின்ன துணை மாதிரிக்கு மட்டும், தனிச் சம்மதத்தோட, யோனி ஸ்வாப்ல பி.எஸ்.ஏ.ங்கிற விந்துல இருக்கிற புரதத்தைப் பார்க்கலாம். விந்து பட்டு சுமார் 48 மணி நேரம் வரைக்கும் காட்டும். ஜிம்பாப்வேல அப்படிப் பார்த்தப்போ, பி.எஸ்.ஏ. பாசிட்டிவ் வந்த பெண்கள்ல ஏறக்குறைய பாதிப் பேர் கடந்த ரெண்டு நாள்ல உறவே இல்லை, இல்லேன்னா ஆணுறையோடதான்னு சொல்லியிருந்தாங்க. அதனால கேள்வித்தாள்லயும் "கடந்த 2 நாள்" ஒரு வரி இருக்கணும், இல்லேன்னா ஸ்வாப்பை எதோட ஒப்பிடுவீங்க? கிழிஞ்சது, கழண்டதுன்னா அதுலயும் பாசிட்டிவ் வரும், அந்த ரெண்டையும் அதே வரியில கேட்டுடுங்க.